மூன்றாவது கம்பி அறுந்த மத்தியானம்

கலை,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு முறை உன்னைக் கூப்பிட்டேன். நான்கு முறையும் "சாப்டியா, அங்க மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். புரை எடுத்த வலது கண்ணை நம்பித்தான் எழுதுகிறேன். இடது கண்ணுக்கு டாக்டர் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார். வரிகள் கோணினால் பொறுத்துக்கொள். அம்மா எதிரே உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். "எழுதறதுன்னா முழுசா எழுது. பாதிய முழுங்கறதுதான் உனுக்கு வழக்கமாச்சே" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

போன மாதம் நீ கூப்பிட்டாய். விமானம் தாங்கிக் கப்பலில் உன்னை இன்ஜினியர் அதிகாரியாகப் போடுகிறார்கள் என்றாய். தளத்தில் இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளும், அவற்றைக் கீழேயிருந்து கட்டுப்படுத்தும் இயந்திரமும் உன் பொறுப்பில் வருகின்றன என்றாய். "நைனா, உன் செக்ஷன்தான் எனக்கு கெடச்சிருக்குது" என்று சிரித்தாய். நான் "ம்" என்றேன். "இன்னா நைனா, சந்தோசமில்லியா?" என்று கேட்டாய். சுகர் ஏறிவிட்டது, தலை சுற்றுகிறது என்றேன். சுகர் ஏறவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வயதாகிவிட்டது என்று எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்லிப் பழகிவிட்டேன். இது வயதால் வந்த களைப்பு இல்லை. இருபத்திரண்டு வயதிலிருந்து சுமந்து வருவது.

நீ ஐந்தாவது படிக்கும்போது நம் செஞ்சிக் கோட்டைக்குப் போனது நினைவிருக்கிறதா? ராஜகிரி உச்சிவரை ஏற வேண்டும் என்று உனக்கு ஆசை. எனக்கு அன்றே முட்டி வலி. கீழே கல்யாண மகால் பக்கத்துப் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். நான் வேலை பார்த்த கப்பல் எவ்வளவு நீளம் என்று கேட்டாய். எழுந்து நடந்து காட்டினேன். இருநூறு தப்படிக்கு மேல் போய்த் திரும்பினால், தூரத்தில் நீ கையாட்டிக்கொண்டிருந்தாய். ஓடிவந்து, "இவ்ளோ எடத்துல பிளேன் எறங்கிடுமா?" என்றாய். "இதுல பாதி கூட எறங்கறதுக்கு கெடயாது" என்றேன். பிறகு ஒரு குச்சியை எடுத்து மண்ணில் தளத்தை வரைந்தேன். அன்றைக்கு நான் பேசியதைப் போல அதற்குப் பிறகு உன்னிடம் பேசியதே இல்லை என்று நினைக்கிறேன்.

முதன்முதலில் கப்பலில் விமானம் இறக்கியவர்கள் பலகையால் தளம் போட்டார்கள் என்று சொன்னேன். குறுக்கே கயிறுகள் கட்டி, ஒவ்வொரு கயிற்றின் இரண்டு நுனியிலும் மணல் மூட்டை வைத்தார்கள். விமானத்தின் அடியில் இருக்கும் கொக்கி கயிற்றில் மாட்டும். மூட்டைகள் இழுபட இழுபட விமானம் நின்றுவிடும். நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை அதேதான். கயிறு எஃகுக் கம்பியாக மாறியது; மணல் மூட்டைக்குப் பதில் தளத்துக்கு அடியில், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பெரிய இயந்திரம் வந்தது. அந்தக் காலத்துக் கப்பல்களில் தளம் ஒரே நேராக இருந்தது. முன்பாதியில் மற்ற விமானங்கள் நிற்கும். கொக்கி மாட்டவில்லையென்றால் இறங்கிய விமானம் அவற்றின் மேல் போய் மோதும். எத்தனையோ பேர் செத்த பிறகு, இறங்கும் பாதையைக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்தால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது. கப்பலை உடைத்துக் கட்டவில்லை. இருந்த தளத்திலேயே பெயின்டால் சாய்வாகக் கோடு போட்டு முதலில் சோதித்துப் பார்த்தார்கள். கம்பியைத் தவறவிட்டவன் அப்படியே கடல் மேல் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி இறங்கலாம். இன்னொரு அதிகாரி மேசை மேல் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, அதன் குறுக்கே உதட்டுச் சாயத்தால் கோடு இழுத்து, விமானி எந்த உயரத்தில் வருகிறான் என்று அவனுக்கே காட்டும் விளக்கைக் கண்டுபிடித்தாராம். அதைக் கேட்டு நீ அம்மாவின் கைப்பையில் லிப்ஸ்டிக் தேடினாய். அவளிடம் அது என்றைக்கு இருந்தது!

அப்புறம் நீ கேட்டாய்: "கம்பி அறுந்துட்டா இன்னா ஆகும் நைனா?" நான் வரைந்ததைக் காலால் அழித்துவிட்டு, "பசிக்குது, வா போலாம்" என்றேன். நீ அழுதாய். அந்தப் படத்தை நோட்டில் பார்த்து எழுத நினைத்திருந்தாயாம்.

அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன்.

ஏழுமலை என்று ஒருவன். நான் அவன் பெயரை வீட்டில் எடுத்ததே இல்லை. பனமலைக்காரன். நம் வீட்டைப் போலவே அவர்களுக்கும் கையகல நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். விழுப்புரத்தில் கடற்படைக்கு ஆளெடுத்தபோது வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். நீச்சல் தெரியுமா என்று கேட்டதற்கு, "எங்க ஊர் ஏரில நீந்துவேன் சார், கடல்ல இன்னும் எறங்கல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். பயிற்சி முடிந்ததும் இருவருக்கும் ஒரே கப்பல், ஒரே பிரிவு. இங்கிலாந்தில் யுத்த காலத்தில் கட்ட ஆரம்பித்து, யுத்தம் முடிந்ததும் பாதியில் நிறுத்தி, வருடங்கள் கழித்து நமக்காக முடித்துக் கொடுத்த கப்பல். ஜெட் விமானத்தை மனதில் வைத்துத் தொடங்கியதல்ல. சாய்ந்த தளமும், விமானத்தை நீராவியால் உந்தி எறியும் கேட்டபல்ட்டும் பின்னால் சேர்த்தவை. அதனால் எங்கே பார்த்தாலும் இடநெருக்கடி. பெயரை எழுத மாட்டேன். கப்பல் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஏழுமலைக்கு மேலே தளத்தில் வேலை. தினமும் காலையில் கம்பிகளைச் சோதித்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். விமானம் இறங்கி நின்றதும் ஓடிப்போய்க் கொக்கியைக் கம்பியிலிருந்து விடுவிக்க வேண்டும். எனக்குக் கீழே இயந்திர அறையில் வேலை. இறங்கும் விமானம் கனமானதா, லேசானதா என்று மேலேயிருந்து ஹெட்செட்டில் சொல்வார்கள். அதற்கேற்ப ஒரு கைப்பிடியைத் திருப்பி, "செட்" என்று பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் என் வேலை. கனமான விமானத்துக்கு லேசான அளவில் வைத்துவிட்டால் இயந்திரத்தால் பிடிக்க முடியாது. கம்பி கடைசி வரை இழுபட்டு அறுந்துவிடும். உனக்கு இதெல்லாம் பாடமாகவே தெரியும். நான் அனுபவமாகத் தெரிந்துகொண்டேன்.

அன்று மத்தியானம். அறைக்குள் அனல், எண்ணெய் நாற்றம். உடம்பு சரியில்லாத ஒருவனுக்காக அவன் முறையையும் சேர்த்து நானே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மூன்று லேசான விமானங்கள் இறங்கின. நான்காவது கனமானது என்று ஹெட்செட்டில் தெளிவாகச் சொன்னார்கள். காதில் விழுந்தது. வாய் "செட்" என்றது. கை கைப்பிடிக்குப் போகவில்லை. மூன்று தடவை சொன்ன வாய் நான்காவது தடவையும் சொல்லிவிட்டது.

இயந்திரம் போட்ட சத்தம் இன்றும் என் உடம்பில் இருக்கிறது. மூன்றாவது கம்பியில்தான் கொக்கி மாட்டியிருந்தது. அது அறுந்து தளத்தின் மேல் சுழன்று வீசியடித்தது. விமானம் முனையைத் தாண்டிக் கடலில் விழுந்தது. ஹெலிகாப்டர் தயாராகப் பறந்துகொண்டிருந்ததால் விமானியை உயிரோடு தூக்கிவிட்டார்கள். ஒதுங்கி நிற்க வேண்டிய இடத்தில்தான் ஏழுமலை நின்றிருந்தான். கம்பி அங்கேயும் வந்தது. இடது கால், முழங்காலுக்குக் கீழே.

கீழே இருந்த எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஹெட்செட்டில் கூச்சல் மட்டும் கேட்டது. கைப்பிடியைப் பார்த்தேன். லேசான அளவில் நின்றிருந்தது. மேலதிகாரி படியில் இறங்கி வரும் பூட்ஸ் சத்தம் கேட்டது. கைப்பிடியைக் கனமான அளவுக்குத் திருப்பினேன். கை தானாகப் போனது என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தானாகப் போகவில்லை. நான் திருப்பினேன். அவர் வந்து பார்த்து, சரியான அளவு என்று குறித்துக்கொண்டார்.

விசாரணையில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். சரியாக வைத்தேன் என்றேன். அளவு சரியென்றால் கம்பியில்தான் கோளாறு. கம்பியில் கோளாறென்றால் காலையில் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் பார்க்கத் தவறியிருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனிடம் கேட்டபோது, "நல்லாத்தான் சார் பாத்தேன். ஆனா அறுந்துச்சே, நான்தான் வுட்டிருப்பேன்" என்று அவனே சொல்லியிருக்கிறான். காலும் போய், ரெக்கார்டில் கவனக்குறைவு என்ற சொல்லோடு அவனை ஊருக்கு அனுப்பினார்கள். ரயில் ஏற்றிவிட நான் போனேன், கலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். "அந்த பைலட்டு நல்லா இருக்கறாரா?" என்று கேட்டான்.

பதினைந்து வருடம் முடிந்ததும் நான் செஞ்சிக்கு வந்தேன். பேங்கில் காவலுக்கு நின்றேன். அம்மாவைக் கட்டினேன், நீ பிறந்தாய். இங்கிருந்து பனமலை ஒன்றும் தூரதேசம் இல்லை. அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் நான் ஏறியதே கிடையாது. ஏழாவதில் உங்கள் பள்ளிக்கூடத்தில் பனமலைக் கோயில் ஓவியம் பார்க்கக் கூட்டிப் போனார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். பஸ் பழசு, வேண்டாம் என்றேன். உன் வகுப்பில் நீ மட்டும் போகவில்லை. உனக்கு அதிகாரி வேலை கிடைத்தபோது மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். பொம்பளைப் பிள்ளையைக் கடலுக்கு அனுப்ப மனசில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். நானும் அப்படியே நினைக்க விட்டேன். பயிற்சி முடிந்து நீ அணிவகுத்த நாளில் அம்மா தனியாகக் கேரளாவுக்கு வந்தாள். நைனாவுக்கு முட்டி வலி என்று சொன்னாள் அல்லவா? வலி இல்லை. அந்த வெள்ளை உடுப்பில் உன்னைப் பார்த்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

நீ போன் செய்த மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். "இத்தினி வருசமா ஒரே வூட்ல இருக்கறோம். எனக்கே சொல்லலியே நீ" என்றாள். அப்புறம், "மொதல்ல அந்த மனுசன போய் பாரு" என்றாள்.

பஸ்ஸில் போனேன். ஏரிக்கரையில் இறங்கி விசாரித்தேன். "மாவு மில்லு ஏழுமலையா? சந்தேக ஏழுமலன்னு கேளு, காட்டுவாங்க" என்றார் ஒருவர். தினமும் காலையில் மில்லின் பெல்ட்டை நுனியிலிருந்து நுனிவரை மூன்று தடவை தடவிப் பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போடுவானாம். அதுவரை சனம் மிளகாய்த் தூக்கோடு காத்திருக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர்.

தலையெல்லாம் மாவு. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "டேய்!" என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பொய்க்காலைத் தட்டிக் காட்டி, "ரெண்டு தேஞ்சி போச்சு, இது மூணாவது காலு" என்று சிரித்தான். அவன் பெண்சாதி அஞ்சலை டீ கொண்டுவந்தார். டீயைக் கையில் வாங்காமலே சொன்னேன். உனக்கு மேலே எழுதியதை அப்படியே சொன்னேன். மில் ஓடிக்கொண்டிருந்ததால் பாதி கேட்கவில்லை. போய் அணைத்துவிட்டு வந்து, "இன்னொரு தரம் சொல்லு" என்றான். சொன்னேன்.

அவன் உள்ளுக்குள் சந்தேகப்பட்டிருப்பான், என்றைக்கோ மன்னித்திருப்பான் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே ஒரு கதை கட்டியிருந்தேன். அவனுக்குத் துளியும் தெரியாது. தன் தப்பு என்றே முழுசாக நம்பியிருக்கிறான்.

"நாப்பது வருசம்டா" என்றான். குரலை உயர்த்தவில்லை. "தெனம் இந்த பெல்ட்ட தடவறனே, இன்னாத்த தேடறேன்னு நெனச்ச? அன்னிக்கு வுட்டத தேடறேன். ஒரு ஆள கடல்ல தள்ளிட்டனேன்னு சோறு எறங்காம கெடந்தேன். நீ வந்து ரயிலேத்தி வுட்ட."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் அஞ்சலையைப் பார்த்து, "அந்த டீய உள்ள எடுத்துனு போ" என்றான். என்னிடம், "கெளம்பு" என்றான். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நின்றேன். அவன் மில்லை மறுபடி போடவே இல்லை.

அஞ்சலையிடம் நான் விட்டு வந்த நம்பருக்கு ஐந்து நாள் கழித்துப் போன் செய்தான். "எழுதிக் குடு" என்றான்.

"யாருக்கு?"

"யார்கிட்ட பொய் சொன்னியோ அவுங்களுக்கு."

அப்போது நான் செய்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தேன். "எம் பொண்ணு அங்க ஆபீசரா இருக்குது ஏழுமல. இந்த நேரத்துல எம் பேரு அடிபட்டா…" என்று இழுத்தேன்.

"எம் புள்ளைங்களும் அப்பன் தன் தப்பாலயே நொண்டியானவன்னு கேட்டுத்தான் வளந்துதுங்க" என்றான். "உம் பொண்ணு படிச்ச பொண்ணு. தாங்கும்."

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அம்மா என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். கடைசியில் கடற்படைத் தலைமையகத்துக்கு எழுதினேன். போன திங்கட்கிழமை அவன் செஞ்சிக்கு வந்தான், பஸ்ஸில், கையில் ஒரு தடியோடு. தபாலாபீஸ் வாசலில் நின்று, எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். நான்காவது விமானத்துக்கு அளவை மாற்றாமலே மாற்றிவிட்டதாகச் சொன்னேன், தவறு என்னுடையது, ஏழுமலை கம்பியைச் சரியாகவே சோதித்திருந்தார் என்று எழுதியிருந்தேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப ஆபீசர் கீழ வந்து பாக்கச்சொல்ல மட்டும் எப்பிடி சரியா இருந்துச்சு? அத எழுதலியே."

எழுதவில்லை, கலை. மறந்து விடவில்லை. மறதியை நான் ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். திருப்பி வைத்ததை அப்போதும் ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை. யாருக்கும் கை தவறும். களைத்துப்போன எந்த ஆளுக்கும் வாய் முந்திக்கொள்ளும். என்னைக் கெடுத்தது அதன் பிறகு வந்த அரை நிமிடம். கவுன்ட்டர் பலகையில் தாளை வைத்து அந்த வரியையும் சேர்த்தேன். அவன் தாளை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பதிவுத் தபாலில் போட்டாகிவிட்டது. ரசீதை அவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஆகவே இது உன்னிடம் அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. என் பெயர் உன் மேலதிகாரிகளின் மேசைக்கு வரலாம். யாராவது உன்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அல்லது பழைய காகிதம் என்று ஒரு மூலையில் போட்டுவிடலாம். கேட்டால், எனக்குத் தெரியும், எங்கள் நைனா எழுதியிருக்கிறார் என்று சொல். எனக்காக வாதாடாதே. இனி என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினாலும் சரி. அம்மாவோடு மட்டும் பேசு.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று. உன் கப்பலில் கேட்டபல்ட் இல்லை, முன்பக்கம் வளைந்து மேலேறும் தளம்தான். கம்பியும் மூன்றே மூன்று என்று சொன்னாய். என்ன மாறினாலும் கீழே ஓர் அறையில் எவனோ ஒரு சின்ன வயசுக்காரன் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் "செட்" என்று சொன்ன அடுத்த நொடியே "இல்ல மேடம், தப்பா சொல்லிட்டேன்" என்று உன்னிடம் சொல்லக்கூடியவனாக இருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்து அவனுக்குப் பயம் வரக்கூடாது. எங்கள் மேலதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பூட்ஸ் சத்தத்துக்கு நான் பயந்தேன்.

தபாலாபீஸிலிருந்து ஏழுமலையை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். டீ குடிக்கலாமா என்றேன். வேண்டாம் என்றான். படியேறக் கை கொடுத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்வான் என்று நான் நிற்கவும் இல்லை. பஸ் கிளம்பும்வரை நிற்பது மரியாதை என்று நின்றேன். டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"உம் பொண்ணு பேரு இன்னா?"

"கலையரசி."

"ஒயர கண்ணால மட்டும் பாக்க வேணாம்னு சொல்லு. பழைய பனியன் துணிய சுத்தி நுனிலேர்ந்து நுனிவரிக்கும் ஓட்டிப் பாக்கச் சொல்லு. ஒரு இழ அறுந்திருந்தாலும் துணி மாட்டும். நான் அப்பிடித்தான் பாத்தேன். அன்னிக்கு மாட்டல." பஸ் நகர்ந்தது. "மாட்டலன்னு சொல்லு" என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னான்.

உன்,
நைனா